என் பாடத்தைச் செய்து காட்டிய முச்சக்கர வண்டிக்காரர்

மூன்று வருடங்களுக்கு முன், தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஆலயத்தோடு சேர்ந்த மண்டபத்தில், முதன்முறையாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு பேர். எல்லோருமே ஏழு, எட்டு வயது வாலில்லாக் குரங்குகள்.

அன்றைய பாடம், இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியது. அதற்காக இரண்டு நாள் உட்கார்ந்து பெரிய படம் ஒன்று வரைந்து, வர்ணம் தீட்டிக் கொண்டுபோயிருந்தேன். வகுப்பைப் பார்க்க வேறு பங்கிலிருந்து ஒரு சிஸ்டரும் வந்து கடைசி வரிசை வாங்கில் இருந்தார். அதனால் புதுச் சேலை, குரலில் கொஞ்சம் கூடுதல் மிடுக்கு. "நாங்களும் இயேசுவைப் போல மற்றவைக்குப் பணிவிடை செய்யவேணும்" என்று நான் சொல்லி முடிக்கவும், முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி வாந்தி எடுக்கவும் சரியாக இருந்தது.

சட்டை, சப்பாத்து, நிலம் எல்லாம் நாசம். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் "சீ" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அவள் வெட்கத்தில் விம்மி விம்மி அழுதாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனேன். "ஒருத்தரும் கிட்டப் போகாதேங்கோ! கூட்டுற அக்காவைக் கூப்பிடுங்கோ!" என்று கத்தினேன். ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா வருவதில்லை என்பதுகூட நினைவுக்கு வரவில்லை.

சத்தம் கேட்டு உள்ளே வந்தவர் ஒரு முச்சக்கர வண்டிக்காரர். பக்கத்துப் பகுதியான முகத்துவாரத்திலிருந்து அந்தச் சிறுமியையும் இன்னும் இரண்டு பிள்ளைகளையும் ஞாயிறுதோறும் ஏற்றி வருபவர். முஸ்லிம். ஐம்பது வயதிருக்கும். வகுப்பு முடியும்வரை வாசலில் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல, பிள்ளைகளுக்கும் அவர் 'நானா'.

நேரே அவளிடம் போனார். "ஒண்டுமில்ல மகள், அழாதீங்க. காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரோல்ஸ்... பிறகு ஐஸ்கிரீம்..."

"அப்ப வயிறு கோவிக்காம என்ன செய்யும்?"

அழுகைக்கு நடுவிலும் அவள் சிரித்துவிட்டாள். அவளை அப்படியே தூக்கிக்கொண்டு முற்றத்துக் குழாயடிக்குப் போனார். குந்தியிருந்து, சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, அவளுடைய கால்களை ஒவ்வொன்றாகக் கழுவினார். தன் தோளில் கிடந்த துவாயால் ஈரம் துடைத்துவிட்டார். பிறகு வாளியில் தண்ணீரோடு வந்து நிலத்தைக் கழுவத் தொடங்கினார்.

அப்போதுதான் எனக்குச் சுரணை வந்தது. "ஐயோ நானா, விடுங்கோ, நான் செய்யிறன்" என்றேன்.

"பரவாயில்ல டீச்சர், நீங்க பாடத்த நடத்துங்க. எங்கட ஊட்டுலயும் நாலு புள்ளைகள். இதெல்லாம் பழக்கம்தானே."

எந்தப் பாடத்தை நடத்துவது? இருபத்தொரு பிள்ளைகளும் ஜன்னலிலும் வாசலிலும் தொங்கிக்கொண்டு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் படத்தைப் பார்க்க ஒருவரும் இல்லை. திடீரென்று ஒருத்தி, "டீச்சர், நானாவும் இயேசு மாதிரியே கால் கழுவினவர்!" என்று கூவினாள். வகுப்பே கைதட்டியது. நானா வெட்கப்பட்டு, "அல்லாஹ்! சும்மா இரிங்க புள்ளைகள்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிலம் கூட்டும் தும்புத்தடியை எடுத்தேன். சிஸ்டரும் எழுந்து வந்து வாளியைப் பிடித்தார். பிள்ளைகள் சும்மா நிற்பார்களா? "நானும், நானும்" என்று தண்ணீரை இறைத்து, கழுவ வேண்டாத இடத்தையெல்லாம் கழுவி, எல்லோரும் அரைவாசி நனைந்து, ஒரே சிரிப்பு. போகும்போது சிஸ்டர் என் காதருகே, "இண்டைக்குப் பாடம் நல்லா விளங்கியிருக்கும்" என்றார். "எனக்கும்தான் சிஸ்டர்" என்றேன்.

முதல் நன்மை நாளன்று நானா மனைவியோடு வந்திருந்தார். பூசை முடிந்ததும் அந்தச் சிறுமி வெள்ளைச் சட்டையும் பூமுடியுமாக ஓடிப்போய், கேக்கின் முதல் துண்டை அவருக்குத்தான் ஊட்டிவிட்டாள்.

இப்போதும் ஞாயிறு காலையில் பிள்ளைகள் வருமுன் மண்டபத்தை நான்தான் கூட்டிக் கழுவுகிறேன். வாயால் படிப்பித்த எத்தனையோ வருடங்களில் கிடைக்காத ஒரு சந்தோஷம் அந்த ஈர நிலத்தில் நிற்கும்போது எனக்குக் கிடைக்கிறது.