அப்பா இல்லாமல் நடந்த என் கல்யாணம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அப்பாவின் ஒரே மகள் எழுதுவது. அப்பா காலமாகி ஓராண்டு நிறைகிறது. அவருடைய நற்குணங்களை மட்டும் எழுதினால் போதும் என்று பெரியவர்கள் சொல்லியனுப்பினார்கள். அப்படி எழுதினால் அது வேறு யாருடைய அப்பாவோ ஆகிவிடும்.

உத்திரமேரூருக்குத் தெற்கே, ஏரித் தண்ணீரை நம்பிய ஒரு சிற்றூரில் இரண்டு பிள்ளைகளில் இளையவராக அப்பா பிறந்தார். எட்டாம் வகுப்போடு வயலில் இறங்கினார். நல்ல உழைப்பாளி. பேச்சு குறைவு, கோபம் அதிகம். எனக்கு மூன்று வயதானபோது, மதகுத் தண்ணீரைத் திருப்பும் தகராறில் பக்கத்து வயல்காரர் ஏழுமலை மாமாவை மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டார். மாமாவின் வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. அப்பா எதையும் மறைக்கவில்லை; நீதிபதி கேட்டபோது அடித்தேன் என்றே சொன்னார். மூன்று ஆண்டுகள் சிறையில் இருந்து, தண்டனையை முழுதாக முடித்துக்கொண்டு வந்தார்.

அதோடு முடிந்தது என்று அவர் நினைத்தார். வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் காவலாளி வேலை கிடைத்தது. போலீஸ் சான்று கேட்டார்கள், வேலை போனது. ஊரில் யாருடைய பைக் காணாமல் போனாலும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் ஜீப் வந்தது. பைக்குக்கும் மண்வெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நெருப்பில்லாமல் புகையுமா என்றார்கள்.

தேர்தல், திருவிழா என்றால் இரண்டு நாள் முன்பே காவல் நிலையத்தில் வந்து உட்காரச் சொல்வார்கள். அப்பா ஆள் வரும்வரை காத்திருக்க மாட்டார். முகச்சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு, துண்டும் பல்பொடியும் பையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். மாமியார் வீட்டுக்கு மாப்பிள்ளை கிளம்பியாச்சு என்று அம்மா கேலி செய்வார். அவர் தலை மறைந்ததும் அழுவார்.

என் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பும் அப்படித்தான் போனார். அப்போது தேர்தலும் இல்லை, திருவிழாவும் இல்லை. ஸ்டேஷனில் கூப்பிட்டுவிட்டார்கள், என்ன செய்வது என்று பெரியப்பா வருத்தப்பட்டார். அவர் அப்பாவின் கூடப் பிறந்த அண்ணன். அவரும் பெரியம்மாவும் உட்கார்ந்து என்னைத் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். பெற்ற பெண்ணின் கல்யாணத்தைவிட ஸ்டேஷன் பெரிதா என்று எனக்கு அப்பா மேல் ஆத்திரம். ஓராண்டு அவரோடு பேசவில்லை. பேசத் தொடங்கிய பிறகும் அந்தக் கசப்பு எட்டு ஆண்டுகள் போகவில்லை.

அப்பா சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர் பார்க்க வந்தார். ஒரு கல்யாணத்துக்குக்கூட இவரை விடக் கூடாதா என்று அவரிடம் கேட்டுவிட்டேன். அவர் அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நாங்க எங்கம்மா கூப்ட்டோம்? உங்க பெரியப்பாதான் வந்து, மாப்ள வூட்டுக்காரங்க முன்னாடி இவரு நின்னா பேஜாராயிடும், கல்யாணம் முடியறவரைக்கும் இங்கியே குந்த வச்சிக்கோங்கன்னு கேட்டுக்கினாரு."

அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. கல்யாணம் நடந்த அந்த வாரமே ஸ்டேஷனில் அவரிடம் சொல்லிவிட்டார்களாம். இரண்டு தெரு தள்ளி மண்டபத்தில் கெட்டிமேளம் கேட்டபோது பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாராம். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ உங்க பெரியப்பா வூட்டுப் பக்கம் போவ மாட்ட. எனக்கப்புறம் உனுக்கு யாரு கீறாங்க?"

அப்பா, பெரியப்பா என்னை ஏமாற்றினார் என்றால், நீங்களும் சேர்ந்துதான் ஏமாற்றினீர்கள். உங்களிடம் பேசாமல் வீணாக்கிய அந்த ஓராண்டை யாரிடம் போய்க் கேட்பேன்? அதைச் சொல்லிப் பதினோரு நாள் கழித்து நீங்கள் போய்விட்டீர்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். நோயில் உடனிருந்த என் கணவருக்கும் மாமனார் மாமியாருக்கும் நன்றி. அப்பா சிறை சென்றவர் என்பது பெண் பார்க்க வந்த நாளிலேயே அவர்களுக்குத் தெரியுமாம், அப்பாவே சொல்லியிருக்கிறார். ஏழுமலை மாமாவுக்கு நன்றி. கோணலாகச் சேர்ந்த அதே கையால் பாடையைப் பிடித்துத் தோள் கொடுத்தார். வேண்டாம் மாமா என்று தடுத்தவர்களிடம், "என் கையி, என் இஷ்டம்" என்றார்.

பெரியப்பாவுக்கு நன்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. பெரியப்பா, படையலுக்கு வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நாளைக்கு என் மகளுக்கு ஒரு நல்லது நடக்கும்போதும் வாருங்கள். என் அப்பா நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் இனி நிற்காதீர்கள்.