கடைசிப் பக்கத்துப் பொட்டு

செம்பூர் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் மகள் ஒட்டிவிட்டுப் போகும் ஸ்டிக்கர் பொட்டைப் பிய்க்கும்போதெல்லாம், இப்போது பெரிய கட்டடமாகிவிட்ட எங்கள் தாராவிச் சந்தும், அங்கே வீடு வீடாகச் சுற்றிய சரித்திரக் காதல் நாவல்களும்தான் எனக்கு நினைவுக்கு வரும். உலை பொங்கி ஸ்டவ் அணைவதுகூடத் தெரியாமல் ராஜகுமாரிகளோடு குதிரையேறிப் போய்விடும் அந்தப் பெண்கள், எந்த எழுத்தாளரை யார் சிபாரிசு செய்தாலும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "கடைசில சேந்துருவாவளா?" கதையைச் சொல்லாமல் அதற்கு மட்டும் பதில் சொல்ல, படித்து முடித்தவள் தன் நெற்றிப் பொட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவிடுவாள்; சேராத கதைக்குப் பொட்டு கிடையாது.

அப்படிப் பொட்டில்லாமல் எங்கள் வீட்டு அலமாரியில் கிடந்த ஒரு தடிப் புத்தகத்தை எதிர்வீட்டுப் புஷ்பம் அக்கா மட்டும் மூன்று தடவை படித்தாள். தோல்பைப் பட்டறையில் வேலை பார்த்த தாஸைக் கட்டிக்கொள்ள அவள் வீட்டில் சம்மதிக்காத வருஷம் அது. சம்மதம் கிடைத்த அன்று ஓடிவந்து, அந்தப் புத்தகத்தில் தன் பொட்டை அழுத்தி ஒட்டினாள்.

"ஏட்டி, இதுல இளவரசன் செத்துப்போயிருதாம்லா" என்று அம்மா பதறினாள்.

"அவன் செத்தா என்னக்கா, நாங்க சேந்துட்டம்லா."

அதன்பிறகு அந்தப் புத்தகம் அலமாரியில் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. பொட்டை நம்பி வாங்கிப்போய், அழுது மூக்கைச் சிந்திக்கொண்டு சண்டைக்கு வருகிறவர்களிடம், அம்மா கரண்டியை நீட்டி எதிர்வீட்டு வாசலைக் காட்டுவாள். அங்கே தாஸ் அண்ணன், புஷ்பம் அக்கா சொல்லச் சொல்ல, தண்ணீர்க் குடங்களை இறக்கிவைத்துக்கொண்டிருப்பார்.