குனிந்து பார்த்த நீதிபதி

ஊரில் சமாதானம் வந்துவிட்டது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாக இருந்த மாமா, ஒஸ்லோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அகதி வழக்கின் முடிவு வரும்வரை, அதே நகரின் குறொன்லாண்டுப் பகுதியில் எங்கள் வீட்டு சோபாதான் அவருக்குக் கட்டில்.

என் பள்ளிக்கூடத்தில் நடந்த பழஞ்சாமான் சந்தையில் அவர் ஒரு தாடிக்காரரின் பெரிய படத்தை வாங்கினார். பின்னால் ஒட்டியிருந்த நொர்வீஜியக் குறிப்பை நான் தமிழில் சொன்னேன். இங்கிருந்து ஏழைப் பையனாக அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். அங்கே வழக்கறிஞராகி, நீதிபதியாகி, கடைசியில் சட்டசபைக்கும் போனவர். இறந்து நூறு வருடத்துக்கு மேல். மாமா மூன்று தரம் வாசிக்க வைத்தார்.

"உவரும் ஊர்விட்டுப் போனவர்தான். என்ரை வழக்கை உவர் கேட்டு விளங்கட்டும்," என்றார்.

படத்தைச் சோபாவுக்கு மேலே சுவரில் மாட்டினார். அதன்பிறகு, வேலைக்குப் போகுமுன் சட்டை மாற்றிப் படத்தின் முன் நின்று வாதாடுவார். இடையில் நிறுத்தி, யாரும் கேட்காத கேள்விகளுக்குப் பணிவாகப் பதில் சொல்லுவார். கேள்விகள் எனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்துப் பயந்தேன்.

எங்கள் வீட்டில் அரசாங்கக் கடிதத்தை வந்தவுடன் உடைக்கமாட்டார்கள். அம்மா பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகிவைத்து, நல்ல நாள் பார்த்துத்தான் திறப்பார். ஒருநாள் மாமாவின் பெயருக்குத் தடித்த கடிதம் வந்தது. அவருடைய வழக்கை விளங்குபவர் பிள்ளையார் இல்லையே. நாற்காலியில் ஏறி, தாடிக்காரருக்குப் பின்னால் செருகினேன்.

மாலையில் பார்த்தால் படம் சுவரைவிட்டுக் குனிந்து நின்றது. மாமாவுக்குச் சந்தோஷம்.

"இப்பதான் வடிவாக் கேக்கிறார்," என்றார்.

நீதிபதி கடிதத்தை வாசிக்கிறார் என்றே நான் நம்பினேன். வாசித்து முடிக்காதவரிடமிருந்து அதைப் பறிக்கவோ, யாரிடமும் சொல்லவோ துணிவு வரவில்லை. அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் என் உச்சந்தலையை யாரோ பார்ப்பதுபோல் இருக்கும். தலையைக் குனிந்துகொண்டு ஓடுவேன்.

பொங்கலுக்குத் தூசி தட்டும்போது கடிதம் விழுந்தது. வழக்கம்போல என்னிடம்தான் வாசிக்கத் தந்தார்கள். அனுமதி இல்லை, ஊரில் இப்போது சமாதானம், மேன்முறையீடு செய்வதானால் மூன்று கிழமைக்குள் எழுதவேண்டும். மேலே இருந்த திகதியையும் விடாமல் வாசித்தேன். அது ஏழு கிழமை பழையது. அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

கடிதம் எங்கே இருந்தது என்று மாமா கேட்டார். நீதிபதியிடம் கொடுத்து வைத்தேன் என்றேன். அவர் கடிதத்தை வாங்கி மடித்தார்.

"வடிவா வாசிச்சனி, பிள்ளை."

பிறகு படத்தைத் திரும்ப மாட்டினார். அது சுவரோடு ஒட்டி நேராக நின்றது. இனி அவர் குனியமாட்டார். எனக்கு அவ்வளவு நிம்மதி. முதல்தடவையாக அந்த அறைக்குள் நிமிர்ந்து நடந்தேன்.