மூன்று அறை, ஒரே இயந்திரம்

பெட்டி அடைக்கும் இயந்திரங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவளுக்குத் 'தபாலம்மா' என்று பெயர். பதினாறு வருடமாக வயரிங் படம் போடுகிறவள். ஆனால் பாதி நாள் நடையிலேயே போய்விடும். இயந்திரத்தின் உடம்பை வரைகிறவர்கள் ஓர் அறை, வயரிங் அடுத்த அறை, இயந்திரத்தை ஓட்டும் புரோகிராமை எழுதுகிறவர்கள் மாடியில். ஆளுக்கொரு மென்பொருள். ஒன்றில் மாற்றினால் மற்ற இரண்டுக்கும் தெரியாது. மாற்றிய இடத்தில் சிவப்பு வட்டம் போட்ட தாளோடு அவள்தான் படியேற வேண்டும்.

"மூணையும் இணைச்சிடுங்க சார். ஒரு இடத்துல மாத்தினா மூணுலயும் தெரியட்டும்" என்று மேலாளரிடம் நான்கு முறை எழுதிக் கொடுத்தாள்.

நான்கு முறையும் அவர் சொன்னது, "அதான் நீங்க இருக்கீங்களே."

மகளைப் பள்ளியில் சேர்க்க ஒரு நாள் விடுப்பு எடுத்தாள். அன்று காலை, பெட்டி தூக்கும் இரும்புக் கையின் இரண்டு சென்சார்களை, இயந்திர உடம்பை வரையும் அறையில் படத்தில் ஒன்றுக்கொன்று இடம் மாற்றினார்கள். கை மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று சொல்பவை அவை. பாகங்களைப் பொருத்தும் பிட்டர் புதுப் படத்தைப் பார்த்து அப்படியே மாட்டினார். மாடிக்குத் தகவல் போகவில்லை. மதியம் ஓட்டிப் பார்த்தபோது, கீழே நின்ற கையை மேலே நிற்பதாக எடுத்துக்கொண்ட புரோகிராம் அதைப் பக்கவாட்டில் நகர்த்தியது. இரும்புக் கை உயரும் என்று இயந்திரத்தின் சட்டத்தைப் பிடித்துக் காத்திருந்த பிட்டரின் இரண்டு விரல்கள் நசுங்கின. மருத்துவமனையில் ஒன்றை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மேலாளர் விபத்து அறிக்கையைக் கையெழுத்துக்காக அவள் பக்கம் நகர்த்தினார். 'காரணம்: தகவல் சொல்ல வேண்டிய ஊழியர் விடுப்பில் இருந்தார்.'

அவள் அதைப் படித்தாள். "நான் லீவு போட்டதாலயா அவர் விரல் போச்சு?"

"உங்களைக் குத்தம் சொல்லலம்மா. ஏதாவது எழுதணும்ல."

"அப்ப நான் நாலு தடவை கேட்டேன்னு எழுதுங்க."

கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தாள். வீட்டில் கணவன், "வேலை போயிட்டா?" என்றான்.

"போகட்டும். இதுல கையெழுத்துப் போட்டா தொண்டைல சோறு எறங்காது எனக்கு."

விபத்தை விசாரிக்க வந்த அரசுப் பாதுகாப்பு அதிகாரியிடம் மூன்று அறைகளின் படங்களையும் தன் நான்கு கடிதங்களின் நகல்களையும் நேராகக் கொடுத்தாள். மூன்று மென்பொருளையும் இணைக்காமல் எந்த இயந்திரத்தையும் ஓட்டக் கூடாது என்று அவர் உத்தரவு போட்டார்.

இணைக்க ஐந்து மாதம் ஆயிற்று. ஒரே சென்சாருக்கு மூன்று அறைகளிலும் மூன்று பெயர். எங்கள் பெயர்தான் சரி என்று ஒவ்வொரு அறையும் மல்லுக்கு நின்றது. தொண்டை கட்டும்வரை சண்டை போட்டு ஒரே பெயருக்குக் கொண்டுவந்தவளும் அவள்தான்.

தொழிற்சாலையைப் பார்க்க வந்தவர்களிடம் மேலாளர், "நாங்களா யோசிச்சுச் செஞ்சது" என்று மூன்று படமும் ஒன்றாகத் தெரியும் திரையைக் காட்டினார்.

"இல்லைங்க. ஒரு ஆள் விரல் போனப்புறம், அதிகாரி சொல்லிச் செஞ்சது" என்றாள் அவள். மேலாளர் அதற்குப் பிறகு அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

பிட்டரைச் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோரில் உட்கார வைத்திருந்தார்கள்.

"அண்ணே, பழைய வேலை வேணுமா?" என்று கேட்டாள்.

"ஸ்பேனர் பிடிக்க வருதும்மா. முடியுமான்னு யாரும் கேக்கலை."

அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, அவருக்காக மனு எழுத உட்கார்ந்தாள்.