செம்புக் கறை படிந்த குடுவை

அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போகத் தயாரானபோது, ஒரு பெரிய கண்ணாடிக் குடுவையை மட்டும் எங்களிடம் கொடுத்து வைத்தார். அமெரிக்கர்தான், ஆனாலும் எங்களுக்கு ஆன்ட்டி. சாமான் ஏற்ற வருபவர்கள் உடைத்துவிடுவார்களோ என்று பயம்.

அவருடைய கணவர் இளமையில், மின்சாரத்தால் ஓடும் விண்கல எஞ்சினை அந்தக் குடுவைக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தவர். எஞ்சினின் நீலக் கீற்று எதிரே இருந்த செம்புத் தகட்டில் மோத, சிதறிய செம்பு கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒரு தட்டளவுக்குப் படிந்துவிட்டது. எஞ்சினும் போயிற்று, கணவரும் போய்விட்டார். "அவர் உழைப்பில் எனக்கு மிஞ்சியது இந்தக் கறைதான்" என்றார் ஆன்ட்டி.

மறுநாள் சரஸ்வதி பூஜை. ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால், புத்தகம், லேப்டாப், ஸ்க்ரூடிரைவர்களுக்கு நடுவில் குடுவை சந்தனப் பொட்டோடு பளிச்சென்று நிற்கிறது. கறையைக் காணோம். சென்னையிலிருந்து வந்திருந்த என் மாமியார் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்.

"என்ன மாப்ள இப்படிப் பாக்குறீங்க? அழுக்கோடவா சாமிகிட்ட வெக்கிறது?"

யாரைக் கோபித்துக்கொள்வது? வருஷம் தவறாமல் குத்துவிளக்கு தேய்ப்பவருக்குச் செம்புக் கறை அழுக்கில்லாமல் வேறென்ன? அப்படியே கோபம் வந்தாலும் மாமியாரிடம் காட்டும் தைரியம் எனக்கு ஏது! மனைவியோ, "நீங்களே ஆன்ட்டிகிட்ட எக்ஸ்ப்ளைன் பண்ணிக்கோங்க" என்று கழன்றுகொண்டாள்.

ஆன்ட்டி வந்தார். நடந்ததைத் திக்கித் திணறிச் சொன்னேன். குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரித்தார்.

"இந்தக் கறையைப் போக்க அவர் என்னென்னவோ செய்து பார்த்தார். உள்ளே எஞ்சின் எரிவதே தெரியாமல் மறைத்துவிடும். எதைப் போட்டுத் தேய்த்தீர்கள்?"

புளி என்றேன். ஆங்கிலம் தெரியாத மாமியார், பாராட்டுகிறார் என்று நினைத்து முகமெல்லாம் மலர்ந்து சுண்டல் கிண்ணத்தை நீட்டினார். நான் சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் நடுவில் நின்றேன்.

ஆன்ட்டி நிஜமாகவே சிரித்தாரா, எங்கள் மனம் நோகக் கூடாதென்று சிரித்தாரா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சுண்டலை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, குடுவையைச் சாய்த்து உள்ளே கையை விட்டார். எந்த அடையாளமும் இல்லாத அந்தக் கண்ணாடியில் அவர் விரல் நேராக ஓரிடத்துக்குப் போய், தட்டளவுக்கு மெதுவாக ஒரு வட்டம் போட்டது.