ஒரு திரியின் நீளம்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து, என்னைக் கூச்சப்படுத்த வேண்டாம் பாருங்கள்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைப்பது என் வேலை. நான் போடுகிற படத்தில் புலி வாயிலிருந்து நெருப்பு வரும், ராக்கெட் நிலாவில் ஓட்டை போடும், வானம் ஏழு நிறத்தில் சிதறும். இப்படி நாளெல்லாம் கம்ப்யூட்டரில் வெடித்துத் தள்ளுகிற நான், அதுவரை ஒரு கம்பி மத்தாப்பைக்கூடக் கடைசிவரை பிடித்தவன் கிடையாது. பாதி எரியும்போதே பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுத்துவிடுவேன், ஏதோ தர்மம் செய்கிற மாதிரி. தீபாவளியன்று விருதுநகரில் எங்கள் தெருவில் சத்தம் ஆரம்பித்ததும் எனக்குக் குளியலறையில் வேலை வந்துவிடும். இதில் எதுவும் முட்டாள்தனம் இல்லை. பயப்படுகிறவன் பயந்துவிட்டுப் போகலாம். இதையெல்லாம் தலைகீழாக மாற்றிப் பெண் வீட்டாரிடம் சொன்னேன், அதுதான் முட்டாள்தனம்.

பெண் வீடு தாயில்பட்டிப் பக்கம். அவள் அப்பா ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். பேச்சு குறைவான மனிதர். அவள் சாத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் பெண் பார்க்கப் போனபோது, அவள் காபித் தம்ளரை எனக்கு நீட்டிய நேரத்தில் தூரத்தில் எங்கோ தொம் என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான், அந்த வீடு புகைப்படம் மாதிரி உறைந்துபோனது. தம்ளர் எனக்கும் அவளுக்கும் நடுவில் நின்றது. அவள் அம்மா பூந்தித் தட்டோடு நிலைப்படியிலேயே நின்றார். வெளியே தெருவில் குழாயடிப் பேச்சும் நின்றுபோயிருந்தது. அசைந்தது காபியின் ஆவி மட்டும்தான். அவள் அப்பா லீவு போட்டுவிட்டு எனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். இருந்தும் அவள் கண் சட்டென்று அவரைத்தான் தேடியது. பிறகு யாருடைய போனோ அடித்தது. யாரோ கிணறு வெட்ட வேட்டு வைத்திருக்கிறார்கள், ஆலைப் பக்கம் ஒன்றும் இல்லை என்றார்கள். தம்ளர் மறுபடியும் என் பக்கம் நகர ஆரம்பித்தது. நான் அதை வாங்கி, இந்த நிசப்தமெல்லாம் என் அழகைப் பார்த்து ஏற்பட்டதோ என்ற சந்தேகத்தோடு குடித்தேன்.

மறுநாள் அவளே போன் செய்தாள். பிடித்திருக்கிறதா என்று கேட்பாள் என்று தொண்டையைச் செருமித் தயாரானேன். அவள் கேட்டது, என் வேலையில் மருந்து உண்டா என்று. எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்துதான். மருந்துக்குக்கூட மருந்து கிடையாது, ஏசி அறை, கம்ப்யூட்டர், சுழல் நாற்காலி, அவ்வளவுதான் என்றேன். சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

“எங்கப்பா காலையில போயிட்டு சாயங்காலம் திரும்பி வர்ற வரைக்கும் எங்க வீட்டுல கடிகாரம் ஓடாதுங்க. கட்டிக்கிட்டுப் போற வீட்டுலயாவது அது ஓடணும்.”

இதற்கு முன் வந்த வரன்களில் தீயோடு சகவாசம் உள்ளவர்களையும், தீ என்றால் எனக்குத் தூசு என்று மார் தட்டியவர்களையும் அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உலகத்திலேயே பெரிய பயந்தாங்கொள்ளி ஒருவனைத் தேடிக்கொண்டிருக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு என் நம்பர் கிடைத்திருக்கிறது. இதற்குமேல் நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா இருந்தால் போதும்.

சும்மா இருந்தேனா?

அடுத்த வாரம் அவளுடைய தாய்மாமன் எங்கள் அச்சகத்துக்கு வந்தார். சிறியதாகப் பட்டாசுக் கடை வைத்திருப்பவர், பெரியதாகப் பேசுகிறவர். வருங்கால மாப்பிள்ளையைப் பார்க்க வந்ததாகச் சொல்லி டீக்கடைக்கு அழைத்துப்போனார். அங்கே என் விரல்களைப் பார்த்து, இது மவுஸ் பிடிக்கிற கை, இதற்கு ஊதுபத்தி பிடிக்கத் தெரியுமா என்று நாலு பேர் கேட்கும்படி கேட்டார். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய்க்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் கேட்டில் அன்றைக்கு வாட்ச்மேன் இல்லை. சின்ன வயதில் அணுகுண்டைக் கையில் பிடித்துக் கொளுத்தி, திரி தீரும்போது மேலே வீசி, ஆகாயத்தில் வெடிக்கவைப்பேன் என்று சொல்லிவிட்டேன். மாமன் என் முதுகில் ஓங்கி ஓர் அறை அறைந்தார். பாராட்டுதான். டீ சட்டையில் கொட்டியது.

மாமன் அதை அன்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரப்பிவிட்டார். அவள் போன் செய்தாள். “கையில புடிச்சு வெடிப்பீகளாமே?” என்றாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பொய் சொன்னவன் என்று ஆகிவிடுமே என்று பயந்து, அதெல்லாம் சின்ன வயதில், சும்மா, என்று இழுத்தேன். சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு நான் என்ன அனுப்பினாலும் பதிலுக்கு ‘ம்’ என்று ஓர் எழுத்துதான் வரும். நல்ல எழுத்துதான். ஆனால் அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் என் அக்கா ஒரு செய்தி கொண்டுவந்தாள். இந்த இடம் வேண்டாமோ என்று பெண் யோசிக்கிறாளாம். அவள் அப்பா, பத்திரிகையா அடித்துவிட்டோம், தட்டு மாற்றுகிற வரைக்கும் உனக்கு நேரம் இருக்கிறது, நாளைக்கு ஆளை நேரில் பார்த்துவிட்டுச் சொல் என்றாராம். “நாளைக்கு நீ வாயைத் திறக்காம இருலே, அது போதும்” என்றாள் அக்கா.

நான் வாயைத் திறக்கவில்லை. மாமன் திறந்தார். நாங்கள் வேனில் போய் இறங்கும்போதே தெரு முழுக்க ஒரு சரவெடி சிவப்புக் கம்பளம் மாதிரி விரிந்து கிடந்தது. அதை மாப்பிள்ளைதான் பற்றவைத்துவிட்டு உள்ளே வர வேண்டும், கையில் பிடித்து வெடிக்கிறவருக்கு இது எம்மாத்திரம் என்று மாமன் அறிவித்தார். நான் மாடியைப் பார்த்தேன். அவள் அரக்குப் பட்டுப்புடவையில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். எனக்கு அப்போது இரண்டு வழிகள் இருந்தன. வீரமாகப் பற்றவைத்தால் அவள் போய்விடுவாள். மறுத்தால், சொன்னது பொய் என்று ஆகி, பொய்யன் என்று போய்விடுவாள். மூன்றாவது வழியாக மயக்கம் போட்டு விழலாமா என்றும் யோசித்தேன், வேட்டி புதிது.

நல்லவேளை, யாரிடமும் தீப்பெட்டி இல்லை.

இது எங்கள் பக்கத்தில் மட்டுமே நடக்கக்கூடியது. அந்தத் தெருவில் நின்றிருந்த ஆணும் பெண்ணும் பெரும்பாலும் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ போகிறவர்கள். பட்டாசு ஆலை கேட்டில் தினமும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். தீப்பெட்டியோடு வந்தவனுக்கு அன்றோடு வேலை இல்லை. அந்தப் பழக்கத்தில் விசேஷ நாளில்கூட ஒருவர் பையிலும் நெருப்பு இருக்காது. ஊருக்கெல்லாம் தீப்பெட்டி அனுப்புகிற ஜனம், சட்டைப் பையைத் தடவித் தடவி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றது. ஏலே, உங்கிட்ட இருக்கா, எங்கிட்ட ஏதுலே என்று தெருமுனை வரைக்கும் விசாரணை போய்த் திரும்பியது. எனக்கு அந்த ஊர் மொத்தத்தையும் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குள் அவள் அத்தை தாம்பூலத் தட்டுகளுக்கு நடுவே எரிந்த குத்துவிளக்கில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்து வந்து, மிகுந்த பொறுப்போடு என் கையில் கொடுத்துவிட்டார்.

அவள் அப்பா என் பக்கத்தில் வந்தார். தெருக்குழாயின் இரும்பை ஒரு கணம் உள்ளங்கையால் தொட்டுவிட்டு, சரத்துக்குப் பக்கத்தில் குனிந்து திரியை எனக்கு எடுத்துவிட்டார். ஆலையில் மருந்து அறைக்குள் நுழையும் முன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்கு. அந்தக் கை இங்கேயும் தானாகவே போயிருக்கிறது. நானும் போய்க் குழாயைத் தொட்டேன். என் உடம்பிலிருந்து இறங்கியது மின்சாரம் இல்லை, கடைசித் தைரியம்.

குனிந்தேன். ஊதுபத்தியைத் திரிக்கு நேராக நீட்டினேன்.

அப்போதுதான் நேரம் நின்றது.

பொய் சொல்லவில்லை, இதை மட்டும் நம்புங்கள். மேலே பறந்த காக்கை, நான் லேபிளில் வெட்டி ஒட்டுகிற பறவை மாதிரி அப்படியே வானத்தில் ஒட்டிக்கொண்டது. என் மூக்கு நுனியிலிருந்து புறப்பட்ட ஒரு வியர்வைத் துளி பாதி வழியில் நின்று யோசித்தது. மாமன் ஏதோ சொல்ல வாய் திறந்திருந்தார். வெற்றிலைச் சிவப்பில் அவர் கடைவாய்ப் பல் வரைக்கும் நிதானமாகப் பார்த்தேன், ஒன்று சொத்தை. சாம்பார் வாசனை வந்தது. பாயசம் சேமியாவா, ஜவ்வரிசியா என்று யோசித்து, ஜவ்வரிசி என்று முடிவு செய்தேன். நேரம் மிச்சம் இருந்ததால் எதிரில் கிடந்த சரத்தின் லேபிளையும் பார்த்தேன். நான் செய்ததுதான், மஞ்சள் கொஞ்சம் தூக்கல். பிறகு ஊதுபத்தியின் கங்கு திரியைத் தொட்டது. திரி நீலமாகச் சீறியது. பொறி ஒரு சிற்றெறும்பு மாதிரி, அவசரமே இல்லாமல், ஊர்ந்து வந்தது.

அந்தப் பெரிய நேரத்துக்குள் எனக்கு ஒரு ஞானம் வந்தது. அவள் வீட்டில் கடிகாரம் ஓடாது என்றாளே, அது இதுதான். எனக்கு ஒரு திரி நீளத்துக்கு நடப்பது, அவளுக்குத் தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நடக்கிறது. மேலே போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். நிமிர்ந்தேன். திரும்பினேன். கோயில் யானை மாதிரி, எடுத்துவைத்த ஒவ்வோர் அடியிலும் கம்பீரம் சொட்ட, சரத்தை விட்டு விலகி நடந்தேன். முதல் வெடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

சத்தம் வரவில்லை.

திரும்பிப் பார்த்தால் நான் தெருவின் மறுகோடியில், மேல்நிலைத் தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஊதுபத்தி என் கையிலேயே இருந்தது. சரம் விரித்தது விரித்தபடி கிடந்தது. அதன் திரி முனையில் என் புதுச் செருப்பு இரண்டும் சரத்தைப் பார்த்தபடி, கண்ணுக்குத் தெரியாத ஒருவன் தைரியமாக நின்றுகொண்டிருப்பது போல, ஜோடியாக நின்றிருந்தன.

முதலில் யாரோ ஒரு பெண் சிரித்தார். அப்புறம் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சரம் வேறு மாதிரி வெடித்தது. அத்தை, அம்மா, அக்கா, வேன் டிரைவர் என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் பற்றிக்கொண்டு தெருக்கோடி வரை போனது. அக்கா எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்திருந்தாள், உடன்பிறப்பு எதற்கு இருக்கிறது. கைக்குக் கை போனது அந்தப் போன். அதில் பார்த்தால் நான் குனிகிறேன், மறுகணம் நான் இல்லை. ஊதுபத்தி திரிக்குப் பக்கத்திலேயே போகவில்லை. நீலச் சீறலும் இல்லை, சிற்றெறும்பும் இல்லை. இது சரியாகத் தெரியவில்லை, மெதுவாக ஓடவிட்டுப் பார்ப்போம் என்றார் மாமன். அப்படி மெதுவாக ஓடவிட்டபோதும் நான் மற்றவர்கள் சாதாரணமாக ஓடுகிற வேகத்தில்தான் ஓடினேன்.

அவள் அப்பா தெருக்கோடி வரை நடந்து வந்து, என் விரல்களைப் பிரித்து ஊதுபத்தியை வாங்கினார். அதைப் பார்த்தார். அது எப்போதோ அணைந்திருந்தது. மாமனிடம், சரத்தைச் சுருட்டி வை, இன்றைக்கு ஒரு நாள் லீவு, இன்றைக்காவது காதுக்கு ஓய்வு கொடுப்போம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். போகும்போது அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். அழுகிறாரா என்று ஒரு கணம் பதறினேன். இல்லை.

நான் வீட்டு வாசல்வரை வந்தபோது அவள் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தாள். கையில் அக்காவின் போன். இரண்டாவது தடவையாகப் பார்த்து முடித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை; ஜவுளிக்கடையில் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்துப் பழகிய முகம்.

“கையில புடிச்சு வெடிச்சது?” என்றாள்.

“பொய்.”

“எம்புட்டு?”

“முழுசும். கம்பி மத்தாப்பே பாதிதான்.”

அவள் போனை அக்காவிடம் கொடுத்தாள். உள்ளே தட்டுகளை வரிசையாக எடுத்துவைக்கிற சத்தம் கேட்டது. நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் வாய் ஓய்கிறதா? காக்கை நின்றது, வியர்வைத் துளி நின்றது, பாயசம் என்னவென்று முடிவு செய்தது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். வீடியோவில் இல்லாவிட்டாலும் நான் அங்கே வெகுநேரம் நின்றது நிஜம் என்றேன். அவள் வீட்டுக் கடிகாரம் ஏன் ஓடாது என்று அந்த நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தது, என் வீட்டில் அது ஓடும், வேண்டுமானால் என்னை மாதிரியே ஓடும் என்றேன். பிறகு வார்த்தை தீர்ந்து, அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். நேரம் மறுபடியும் நிற்கப் பார்த்தது.

அவள் என் வெறுங்காலைப் பார்த்தாள்.

“செருப்பை எடுத்துட்டு வாங்க, தட்டு மாத்த நேரமாச்சு.”