மாவ்பிக் காட்டில் ஒரு நாற்காலி

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் கப்பல் ரங்கூன் ஆற்றுக்குள் நுழைந்தது. சென்னையை விட்டு மூன்று பகலும் நான்கு இரவும் ஆகியிருந்தன. ஊர் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே ஷ்வேடகோன் கோபுரத்தின் தங்கம் தெரிந்துவிட்டது. டெக்கில் சுருண்டு கிடந்தவர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள். இருபத்திரண்டு வருஷமாகத் திருச்சிராப்பள்ளியில் பூகோள வாத்தியாராக இருக்கிறேன். பர்மாவைத் தேசப்படத்தில் பிரம்பு நுனியால் காட்டியே பழகியவனுக்கு, அதன் மண்ணில் கால் வைக்கப் போகிறோம் என்பதில் சொல்லமுடியாத சந்தோஷம்.

கப்பலில் காபி என்று கொடுத்த திரவத்தைப் பற்றி எழுதாமல் விடுவதே மரியாதை. காபி விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். வீட்டில் விடிந்தும் விடியாமலும் முதல் டம்ளர் என் நாற்காலிக்கு வந்துவிட வேண்டும். அது எப்படி வருகிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

துறைமுகத்தில் டாக்டர் பரிசோதனை முடிய ஒன்பது மணியாயிற்று. நான் தங்கவேண்டிய தாமுவே பேட்டைக்குக் குதிரை வண்டிக்காரர் ஒன்றரை ரூபாய் கேட்டு ஒரு ரூபாய்க்கு இறங்கி வந்தார். வழியெல்லாம் நூல் பிடித்தாற்போல் நேரான தெருக்கள், தெருக்குழாயில் தண்ணீர், மணியடித்துப் போகும் டிராம். கடைகளில் பாதிக்குமேல் பெண்கள்தான் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறார்கள். தலையில் பூ, வாயில் சுருட்டு, வாங்குகிறவனை நேராகப் பார்த்துப் பேசும் கண்கள். எங்கள் ஊரில் பெரிய கடைவீதி முழுக்கத் தேடினாலும் இப்படி ஒருத்தியைக் காணமுடியாது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றிருந்தது.

தாமுவேயில் நான் தங்கியது அருளப்பன் வீட்டில். அவர் என் பள்ளிக்கூடத்துச் சக ஆசிரியர் ஒருவரின் மைத்துனர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வயது நாற்பத்தைந்து இருக்கும். கோடைதோறும் வேட்டைக்குப் போகும் துரைமார்களோடு காட்டுக்குப் போய்ச் சமைத்துப் போடுவது தொழில். மனைவி மா சேன் பர்மியப் பெண். தன் பாஷையின் ராகத்திலேயே தமிழ் பேசுவாள். வாத்தியாரை அங்கே 'சயா' என்பார்கள். எனக்கும் அதே பட்டம் கிடைத்தது. வந்து பத்து நிமிஷத்தில் அருளப்பன் ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டேன். வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்து அப்படியொரு காபி குடிப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

அன்று மாலை அவர் ஒரு விஷயம் சொன்னார். மாவ்பிக்கு வடக்கே காப்புக்காட்டில் இந்தக் கோடைக்கு நான்கு வேட்டை பெர்மிட்டுகள் கொடுக்கிறார்கள். ஒரு பெர்மிட்டுக்கு ஒரு காட்டு மாடு, பதினைந்து நாள் அவகாசம். பர்மாக்காரர்கள் அந்த மாட்டைச் சைங் என்கிறார்கள். கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல் போட்டுத்தான் கொடுப்பது. இருபது வருஷமாக யார் யாருக்கோ விழுந்த பெர்மிட்டில் சமைக்கப் போனவர், இந்த வருஷம் தம் பெயரிலேயே விண்ணப்பம் போட்டிருந்தார்.

"சயா, இந்த ஆளு கோழி அறுக்கவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவாரு. இவரு சைங் சுடப் போறாராம்" என்றாள் மா சேன்.

அருளப்பன் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "மாடு கெடக்குது, வாத்தியாரையா. இருபது வருஷமா கூடாரத்துல மொதல்ல எந்திரிக்கிறவன் நான்தான். விடியறப்ப தொரை கூடார வாசல்ல நாற்காலியைப் போட்டு, காட்டைப் பாத்துக்கிட்டே காபி குடிப்பாரு. 'அடடா, என்ன வெளிச்சம்'னு சொல்லாத தொரையே கெடையாது. நான் அந்த வெளிச்சத்தைப் பாத்ததில்ல. அடுப்பைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். ஒரே ஒரு தடவை அந்த நாற்காலில உக்காந்து பாக்கணும்."

"அதற்குப் பெர்மிட் எதற்கு? சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வரலாமே?"

"பெர்மிட் இல்லாம காப்புக்காட்டுல கூடாரம் அடிச்சா பிடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்க. தொரைகூட போனா சமையக்காரனாத்தான் போகணும்."

ஒரு மனிதன் நாற்காலிக்காகக் காட்டு மாட்டைக் கேட்கிறான். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றிரவு படுத்த பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு விண்ணப்பங்களைச் சரிபார்த்தார்கள். வன அலுவலகம் தேக்கு மரத்தாலான மாடிக் கட்டிடம். உள்ளே நுழைந்ததும் மரவாசனை. மொத்தம் இருபத்தொன்பது விண்ணப்பக்காரர்கள். துரைமார்கள், லத்தா பேட்டைச் சீன வியாபாரிகள், பட்டுத் தலைக்கட்டுக் கட்டிய பர்மியப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் தனி நாற்காலி கிடையாது. அதிகாரி ஒரு பர்மியர். முகத்தில் சிரிப்பும் இல்லை, கடுகடுப்பும் இல்லை. வந்த வரிசைப்படிதான் கூப்பிட்டார். இதைப் பார்க்கவே கப்பல் கூலி கொடுக்கலாம் என்று தோன்றியது.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி, காட்டுக்குள் கொண்டுபோகும் பொருள்கள் யாவை என்பது. மற்றவர்கள் துப்பாக்கிகளின் பெயரை இரண்டு மூன்று வரி எழுதியிருந்தார்கள். பதினேழாம் எண் விண்ணப்பம் வந்தது. குமாஸ்தா இங்கிலீஷில் வாசிக்க ஆரம்பித்தார். பெரிய தேக்சா ஒன்று. சின்ன தேக்சா இரண்டு. இரும்பு வாணலி. அம்மிக்குழவி, அம்மி வேண்டாம், காட்டில் கல் கிடைக்கும். புளி, காய்ந்த மிளகாய், உப்பு இரண்டு பொட்டலம், ஒன்று நனைந்தால் இன்னொன்று. கருவாடு. காபிக்கொட்டை, வறுக்கும் சட்டி. கொசுவலை. வயிற்றுப்போக்குக்கு ஓமம். எறும்பு ஏறாமலிருக்க நாற்காலிக் காலுக்கு வைக்கும் தண்ணீர்க் கிண்ணம் நான்கு. இப்படியே பக்கம் முழுக்க. கடைசி வரியை வாசித்துவிட்டுக் குமாஸ்தா காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமை.

"துப்பாக்கி?" என்றார் அதிகாரி.

அருளப்பன் எழுந்து நின்றார்.

"ஐயா, அது எப்பவும் தொரை கொண்டு வர்றது" என்றார்.

பெஞ்சு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. காகிதத்தைத் தாமே வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தார். "இங்கே இருக்கிறவர்களில் பதினைந்து நாளும் காட்டில் பசியில்லாமல் இருக்கப் போகிறவர் இவர் ஒருவர்தான். ஆனால் துப்பாக்கி இல்லாமல் நான் பெர்மிட் கொடுக்க முடியாது. லைசென்ஸ் உள்ள ஒருவர், துப்பாக்கியோடு தாமும் கூட வருவதாகக் கையெழுத்துப் போடவேண்டும். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி வரை காத்திருப்பேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மாவ்பிக்கு ரயில் ஏறினோம். மா சேனின் பெரியப்பா ஊ போ கின் அங்கே இருந்தார். அவரிடம் ஒரு துப்பாக்கி உண்டு. சுமார் முப்பது மைல், மூன்றாம் வகுப்பில் ஏழணா. இன்செய்னைத் தாண்டியதும் அறுவடை முடிந்த வயல்கள் வானம்வரை விரிந்து கிடந்தன. வகுப்பில் 'நெற்களஞ்சியம்' என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அந்த வார்த்தையின் அளவு அன்றுதான் தெரிந்தது. அருளப்பன் ஜன்னல் பக்கமே பார்க்கவில்லை. "எதை மறந்தாலும் இதையா மறப்பான் ஒருத்தன்?" என்று நான்கு ஸ்டேஷனுக்கு ஒருமுறை தம்மையே கேட்டுக்கொண்டார்.

ஊ போ கின் சந்தைக்குப் பின்னால் மூங்கில் வீட்டில் இருந்தார். எங்களுக்கு ஊறவைத்த தேயிலையும் வறுத்த எள்ளும் எடுத்து வைத்து, கதையை முழுக்கக் கேட்டார். பிறகு கூரையிலிருந்து ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கியை இறக்கினார். அவர் பர்மிய பாஷையில் சொன்னதை அருளப்பன் எனக்குத் தமிழாக்கினார்.

"வயலுக்குப் பன்னி வந்தா ஆகாசத்தைப் பாத்து வெடிப்பாராம். இந்தத் துப்பாக்கி இதுவரைக்கும் ஒண்ணையும் கொன்னதில்லயாம். அது பரவாயில்லையான்னு கேக்குறாரு."

"பரவாயில்லை என்று சொல்லுங்கள்" என்றேன்.

கிழவர் கண்ணாடியைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை பதினொன்றே காலுக்கு அந்தக் காகிதம் அதிகாரி மேஜைக்குப் போய்விட்டது. பன்னிரண்டு மணிக்குக் குலுக்கல். இருபத்தொன்பது பித்தளை வில்லைகளை எல்லோருக்கும் காட்டி, ஒவ்வொன்றாக எண்ணி, வாய் குறுகிய மண்பானைக்குள் போட்டார்கள். விண்ணப்பம் போட்டவர்கள் யாரையும் அறியாத ஒருவர்தான் வில்லையை எடுக்கவேண்டும் என்பது அந்த அலுவலகத்து வழக்கம். முதலில் என்னைக் கேட்டார்கள். பதினேழாம் எண்காரர் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிடுகிறவன் என்று சொல்லி விலகிக்கொண்டேன். உடனே பியூன் எதிர்ப்பக்கத்து மரத்தடியில் மோஹிங்கா விற்ற அம்மாளைக் கூப்பிட்டு வந்தார். மீன்குழம்பில் அரிசிச் சேவையைப் போட்டுத் தரும் பலகாரம் அது. அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, மாஜிஸ்ட்ரேட் போல நிமிர்ந்து நின்று, பானைக்குள் கைவிட்டாள்.

முதல் வில்லை, நான்கு. ஒரு துரை எழுந்து தொப்பியை எடுத்தார்.

இரண்டாவது, பதினேழு.

நான் திரும்பினேன். பக்கத்தில் அருளப்பன் இல்லை.

"பதினேழு" என்று குமாஸ்தா இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்று முறை கூப்பிட்டும் ஆள் நிற்காவிட்டால் வில்லை செல்லாது. வேறு வில்லை எடுத்துவிடுவார்கள். "இருக்கிறார், இருக்கிறார்" என்று கத்திக்கொண்டு படியிறங்கினேன். எனக்கு ஐம்பது வயது. ஓடி முப்பது வருஷமாகிறது. மரத்தடியில், அந்த அம்மாள் விட்டுவிட்டு வந்த அடுப்பின் முன்னால் அருளப்பன் குந்தியிருந்தார். கரண்டியால் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அடி பிடிச்சிருக்கும், வாத்தியாரையா. இவ்வளவு நெருப்பை வச்சிட்டு உள்ளே போயிட்டாங்க" என்றார்.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது முறை எண்ணைச் சொல்லக் குமாஸ்தா வாய் திறந்தபோது, வாசலில் நாங்கள் இரண்டு பேரும் மூச்சிரைக்க நின்றோம். அருளப்பன் கையில் கரண்டி இருந்தது; அதிலிருந்து தேக்குப் பலகைமேல் குழம்பு சொட்டியது. அப்போதுதான் அந்த அதிகாரி முதன்முதலாகச் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை காட்டுக்குப் போனோம். வியாழக்கிழமை எனக்குக் கப்பல். ஆகவே ஒரே ஒரு இரவுதான் நான் தங்கமுடியும். நான், அருளப்பன், துப்பாக்கியோடு ஊ போ கின், ஒரு மாட்டுவண்டி. ஓடைக்கரையில் கூடாரம் அடித்ததும் ஒரு சிக்கல் தெரிந்தது. விடிகாலையில் அருளப்பன் நாற்காலியில் உட்கார்ந்தால் காபி யார் போடுவது? கிழவருக்குக் காபி என்றால் என்னவென்றே தெரியாது.

"நான் போடுகிறேன்" என்றேன்.

அருளப்பன் என்னை வெகுநேரம் பார்த்தார். "அடுப்பு பத்தவைக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. சாயங்காலம் முழுவதும் சொல்லிக்கொடுத்தார்.

சொல்லிக்கொடுத்தது எதுவும் விடியலில் உதவவில்லை. பனியில் விறகு நனைந்திருந்தது. புகை கண்ணைக் கரித்தது. ஊதி ஊதி நெஞ்சு வலித்தது. பின்னால் நாற்காலி கிறீச்சிடும் சத்தம் இரண்டு முறை கேட்டது. அவர் எழுந்திருக்கப் பார்க்கிறார். இரண்டு முறையும் ஊ போ கின் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். ஒரு வழியாக டம்ளரைக் கொண்டுபோய் நீட்டியபோது காபி கரியும் கசப்புமாக இருந்தது. அருளப்பன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்போது ஓடைக்கு அப்பால் மூங்கில் புதர்களின் உச்சியில் வெளிச்சம் இறங்கத் தொடங்கியது. முதலில் சாம்பல் நிறம், அப்புறம் இளம்பச்சை, பிறகு ஒவ்வொரு இலையாகத் தனித்தனியே தெரிந்தது. நான் அதைப் பாதிதான் பார்த்தேன். மீதி நேரம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதைத்தான் சொன்னாங்களா எல்லாரும்" என்றார். காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

மாடு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பின்னால் அவர் எழுதிய கடிதத்தில் இருந்தது. ஒன்பதாம் நாள் எண்பது கஜத்தில் ஒரு சைங் வந்து நின்றதாம். ஊ போ கின்னின் தோட்டா நமுத்துப்போய் வெடிக்கவில்லையாம். 'மாடும் நாங்களும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்' என்று எழுதியிருந்தார்.

வியாழக்கிழமை கப்பல் ஏறி, அடுத்த வாரம் திருச்சிராப்பள்ளி வந்து சேர்ந்தேன். ரங்கூனோடு ஒப்பிட்டால் எங்கள் தெரு குறுகல், குழாய் கிடையாது, டிராம் கிடையாது. பக்கத்து வீட்டார் கேட்டதற்கெல்லாம் ரங்கூனைப் புகழ்ந்து தள்ளினேன். ஆனால் அங்கிருந்து நான் கொண்டுவந்தது வேறொன்று.

வந்த மறுநாள் நான்கு மணிக்கே எழுந்து அடுப்படிக்குப் போனேன். சத்தம் கேட்டு ஓடிவந்த என் மனைவி, "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி, வாசல் பக்கம் இருந்த என் நாற்காலியில் அவளை உட்காரச் சொன்னேன். உட்காரவே மாட்டேன் என்றாள். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றாள். கடைசியில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, டம்ளரை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கும் காபி கசப்புத்தான். பாதி குடித்துவிட்டு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

"இந்த நேரத்துல நம்ம தெரு இப்படியா இருக்கும்?" என்றாள்.